நரம்பின் வேகம்

நரம்பில் ஓடும் துடிப்பின் வேகத்தை அளக்கவே இயலாதென்று அறிஞர்கள் ஒருகாலத்தில் எண்ணினர். 1850-ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தவளையின் நரம்பில் அதனை அளந்து காட்டினார். அந்த அளவையே இன்று கை மரத்துப்போனவர்க்குத் துணை நிற்கிறது.

நலமுள்ள கை நரம்பில் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டரும் அதற்கு மேலும் விரையும். நரம்பு நசுங்கிய இடத்திலோ வேகம் குன்றும். மருத்துவர் தோலின்மீது சிறு மின்தூண்டல் தந்து, துடிப்பு விரலையோ தசையையோ சென்றடையும் நேரத்தைக் கணக்கிடுகிறார். தாமதம் மணிக்கட்டிலா, முழங்கையிலா என்று கண்டால் நோயின் இடம் புலப்படும்.

இதனை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. நசுக்கம் நீடித்தால் கட்டைவிரலின் அடித்தசை மெலியும். மெலிந்ததை மீட்பது அரிது. இரவில் விரல் மரத்து விழிப்பவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், முதுமையென்று வாளா இராதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.