எல்லையில் ஒரு மின்மீட்டர்

பாறசாலை, திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் தெற்கே இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும், பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதற்காகப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் நிற்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்த கருவிகளில் சில அந்த எல்லைக்குக் கட்டுப்பட்டன, சில கட்டுப்படவில்லை. எது எந்த வகை என்று தெரிந்து வாங்குகிறவருக்கு இன்றும் இங்கே காசு மிச்சம்.

ரேடியோ கட்டுப்படவில்லை. திருவனந்தபுரம் நிலையம் 1943-இல் திருவிதாங்கூர் அரசின் வானொலியாகத் தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலிக்குப் போனது. அதே பெட்டியின் முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் இலங்கையின் தமிழ் கேட்கும். 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவில் வானொலி வந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். 1985 ஜனவரி முதல் தேதி திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியபோது ஓட்டு வீடுகளின் மேல் ஆன்டெனாக்கள் முளைத்தன. காற்றடித்துத் திரும்பிய ஆன்டெனாவைச் சரிசெய்ய ஒருவர் மேலே ஏற, 'தெரியுது, தெரியுது' என்று கீழிருந்து குரல் கொடுக்க மற்றவர்கள்.

கம்பியில் வந்த தொலைபேசி அப்படியில்லை. பாறசாலைக்கு 0471, நடந்து போகிற தூரத்தில் இருந்தாலும் களியக்காவிளை அக்கா வீட்டுக்கு 04651. பக்கத்து ஊரோடு பேச எஸ்.டி.டி. எண் சேர்க்க வேண்டும். செல்போன் வந்ததும் அந்தத் தொல்லை வேறு உருவம் எடுத்தது. கேரளம் ஒரு தொலைத்தொடர்பு வட்டம், தமிழ்நாடு இன்னொன்று. சொந்த அடுக்களையில் நிற்கும்போதே போன் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்; அப்போது வருகிற அழைப்புக்கும் காசு போனது. செட்டிங்கில் போய் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைக்க எல்லையோர வீடுகளில் பிள்ளைகள்தான் கற்றுக்கொடுத்தார்கள். 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் ரோமிங் கட்டணம் என்பதே மெல்ல இல்லாமல் போயிற்று. எல்லையோரக் குடும்பங்களுக்கு இந்த நாற்பது வருஷத்தில் கிடைத்த பெரிய விடுதலை அதுவே என்பேன்.

பொருள் வாங்குவதிலும் எல்லை கனத்தது. தமிழ்நாட்டு மார்த்தாண்டத்தில் டிவி வாங்கினால் இந்தப் பக்கத்து அமரவிளை வரிச் சோதனைச் சாவடி நினைவுக்கு வந்த காலம் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் இரு பக்கமும் ஒரே வரி. இப்போது ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு இந்தப் பக்கம் ஓணம் விற்பனை தொடங்கிவிடும், பிறகு தீபாவளி. அவசரமில்லாத பொருளுக்கு மூன்று விலையையும் பார்த்துவிட்டு வாங்கலாம்.

2006-க்குப் பின் அந்தப் பக்கத்து உறவினர் வீடுகளுக்குத் தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011-க்குப் பின் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் வந்தன. இந்தப் பக்கம் அவை கிடையாது. அது பழைய கதை. ஆனால் மின்சாரம் இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இதை மறந்துவிட்டு, அங்குள்ள சித்தப்பாவின் யோசனையைக் கேட்டு வாங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இங்கே அது இல்லை. கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிகளே போய்விடும், ஓடிய முழு யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை. அதனால் அங்கே சின்ன மிச்சமாகத் தெரியும் கருவி இங்கே பெரிய மிச்சம் தரும். சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவு. தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு மாதம் 20 யூனிட் குறையும். நான்கு விசிறி உள்ள வீட்டில் இரண்டு மாத பில்லில் 160 யூனிட். வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது விசிறிதான். பெரிய டிவி காத்திருக்கட்டும். ஃபிரிட்ஜ் வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், அந்த ஒட்டுச்சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். நட்சத்திரத்தின் அளவுகோலை அவ்வப்போது மாற்றுவார்கள்; யூனிட் கணக்கு அப்படியே ஒப்பிடக் கிடைக்கும். மாலை 6 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் பகலில் ஓட்டிவிடுங்கள்.

இடி எந்தப் பக்கமும் பார்ப்பதில்லை. சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் இங்கே விழும் மின்னலுக்குப் போன டிவிகள் ஏராளம். முன்பு மேகம் கறுத்தவுடன் ஆன்டெனா வயரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள். சரியான பழக்கம் அது. இப்போது கேபிளுக்குப் பதில் ஃபைபர் வந்திருக்கிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பது உண்மைதான். ஆனால் மோடத்தின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது? ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். நல்ல எர்த்தும், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் புதுக் கருவி வாங்கும் பணத்தை முதலில் அதற்குச் செலவிட வேண்டும். ஈரத் தரையில் வாஷிங் மெஷினைத் தொடுகிற அம்மாவின் உயிர் சம்பந்தப்பட்ட காரியம் இது.

வரி ஒன்றாகிவிட்டதால் கடையைத் தேர்ந்தெடுக்க இப்போது முக்கிய அளவுகோல் பழுது பார்க்க வருகிறவர். வாங்குமுன் உங்கள் பின்கோடைச் சொல்லி, எந்த ஊரிலிருந்து ஆள் வருவார் என்று கேளுங்கள். நெய்யாற்றின்கரையா, மார்த்தாண்டமா? எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கள் பகுதி இல்லை என்று கைவிரிக்கிற சேவை மையங்கள் உண்டு. பில்லில் உங்கள் கேரள முகவரி சரியாக இருக்கட்டும்.

மொழிப் பிரச்சினைக்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. பாட்டி தமிழ் படிப்பார். மலையாளப் பள்ளியில் படித்த பேரனுக்குத் தமிழ் பேச மட்டும் வரும். ஒரே போனை இருவரும் எடுக்கும் வீடுகளில் திரையின் மொழிக்காகச் சண்டை நடக்கும். ஆண்ட்ராய்டு 13 முதல் பல செயலிகளுக்குத் தனித்தனி மொழி வைக்கலாம். பாட்டி பார்க்கும் செயலிக்குத் தமிழ், பேரனுடையதற்கு மலையாளம், விசைப்பலகையில் இரண்டும். அடுத்த முறை பாட்டியைப் பார்க்கப் போகிறவர் அதைச் செய்து கொடுத்துவிட்டு வரட்டும். ஐந்து நிமிஷ வேலை.