புரோட்டான் கதிரும் எலக்ட்ரான்களும்

கதிர்ச் சிகிச்சைக்கு வரும் குடும்பத்தினர் அண்மைக்காலமாக எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சென்னையில் புரோட்டான் கதிர் வந்திருக்கிறதாமே, நிலத்தை விற்றாவது அங்கே போகலாமா டாக்டர்?" வானூரிலிருந்தும் மரக்காணம் உப்பளப் பகுதியிலிருந்தும் வருவோருக்கு இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. அக்கதிர் உடலுக்குள் செய்யும் வேலையை முதலில் அறிதல் நலம்.

மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று மிகு வேகத்தில் பாயும்போது, வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து எறிகிறது. இதனை ஆராய, தலைமுடியினும் பன்மடங்கு மெல்லிய கார்பன் தகட்டின் மீது கனமான அயனிகளை மோதவிட்டு, இருபுறமும் சிதறும் எலக்ட்ரான்களை இயற்பியலாளர் எண்ணுகின்றனர். அயனி வெளியேறும் பக்கத்தில் அவை மிகுதி. நுழையும் பக்கத்தில் குறைவு. பெரும்பாலானவை ஆற்றல் குறைந்தவை. ஒரே வேகத்தில் சென்றாலும், மின்னூட்டம் 6 உடைய கார்பன் அயனி, புரோட்டானைப் போல் ஏறத்தாழ 36 மடங்கு ஆற்றலை வழியில் இழக்கிறது. மின்னூட்டத்தின் வர்க்கமே கணக்கு. மும்பையில் 1988இல் தொடங்கப்பட்ட பெல்லட்ரான் முடுக்கியைக் கொண்டு, டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் நீராவியையும், ஆர்.என்.ஏ.வின் கூறான யுராசிலையும்கூட இவ்வாறு ஆராய்ந்துள்ளனர். தகட்டில் தொடங்கிய ஆய்வு உயிரணுவின் வாசல்வரை வந்துவிட்டது.

உடலில் தகட்டின் இடத்தில் இருப்பது திசு. சிதறும் எலக்ட்ரான்கள் உயிரணுவிலுள்ள நீரையும், 2 நானோமீட்டர் அகலமே உள்ள டி.என்.ஏ. இழையையும் தாக்குகின்றன. அதன் இரு புரிகளும் அருகருகே அறுந்தால் உயிரணு அதைச் செப்பனிடத் திணறும். புற்றணு அழிவது இவ்வாறே.

ஓடும் பேருந்திலிருப்பவர் சாலையில் நிற்பவரிடம் பேச முடியாது. வேகம் குறைந்தால்தான் பேச முடியும். புரோட்டானும் அவ்வாறே, வேகம் தணிந்து நிற்கப்போகும் இடத்தில்தான் மிகுந்த ஆற்றலை இறக்குகிறது. அதற்கு அப்பால் கதிர் அநேகமாகச் செல்வதில்லை. இதனை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என 1946இல் ராபர்ட் வில்சன் எழுதினார். சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019இல் தொடங்கியது.

இனி, பலரும் கேள்விப்படாத ஒன்று. வழக்கமான லீனியர் ஆக்சிலரேட்டரின் எக்ஸ் கதிரும் திசுவில் எலக்ட்ரான்களை விடுவித்தே புற்றணுவைக் கொல்கிறது. கொல்லும் கருவி ஒன்றே. அது எங்கே நிற்கிறது என்பதே வேறுபாடு. ஆகவே, குழந்தைகளின் மூளைக்கட்டி, மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டி, தண்டுவடத்தை ஒட்டிய சில கட்டிகள் ஆகியவற்றில் புரோட்டானின் பயன் பெரிது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எக்ஸ் கதிரும் உட்கதிர்ச் சிகிச்சையுமே நிலைபெற்ற முறை. அதனை எட்டு வாரங்களுக்குள் முடித்தல் வேண்டும். பணம் திரட்டுவதில் மாதங்கள் கழிந்தால் நோய் காத்திராது. நிலத்தை விற்குமுன், புரோட்டானால் இந்நோயாளிக்குக் குறிப்பாக எந்த உறுப்பு காக்கப்படும் என மருத்துவரிடம் கேளுங்கள். தெளிவான விடை கிடைக்கவில்லையெனில், அருகிலுள்ள மையத்திலேயே சிகிச்சையைத் தொடங்குவதே எங்கள் பரிந்துரை.

வெளியிலிருந்து செலுத்தும் இக்கதிர்களை எண்ணிச் சிலர் நோயாளியைத் தனியறையில் வைக்கின்றனர், அது தேவையற்றது. விடுபட்ட எலக்ட்ரான்கள் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் அடங்கிவிடும். வீடு திரும்பியவர் அன்றே பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.