உங்களுக்குத் தெரியுமா? ஒரு இறாத்தல் குறைக்க எத்தனை பேர் வேண்டும்?

● பாண் கடையில் நாம் கேட்டு வாங்கும் ஒரு இறாத்தல் ஏறக்குறைய 450 கிராம். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களுக்குக் கொடுத்த இலக்கும் இதே அளவுதான். வாரத்துக்கு ஒரு இறாத்தல் வீதம் 16 வாரம் உடம்பு குறைய வேண்டும். 57 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவினருக்கு மாதம் ஒருமுறை நிறை பார்த்ததோடு சரி. இரண்டாம் பிரிவினருக்கு லொத்தர் பரிசு. மூன்றாம் பிரிவினர் தங்கள் கைக்காசையே முன்கூட்டிக் கட்டினார்கள். இலக்கைத் தொட்டால் காசு கூடித் திரும்பும், தவறினால் போனது போனதுதான். முடிவில் சும்மா நிறை பார்த்தவர்கள் சராசரியாக 4 இறாத்தல் குறைந்தார்கள். லொத்தர்காரர்கள் 13. காசு கட்டியவர்கள் 14.

சீட்டுப் பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மாதச் சீட்டுக் காசைக் கட்டாமல் விட இங்கே யாருக்கும் துணிவு வராது. காசு போய்விடும் என்ற பயம் பாதி; பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம் மீதி. ஆனால் அந்த ஆய்வின் பின்கதையையும் சொல்ல வேண்டும். ஆய்வு தொடங்கி ஏழாம் மாதத்தில் நிறுத்துப் பார்த்தபோது, பரிசு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பரிசு நின்றதும் குறைந்த நிறையில் பெரும்பங்கு திரும்பிவிட்டது.

● பரிசென்றால் இதுதான் பரிசு: 2013 நோன்பு காலத்தில் துபாய் மாநகராட்சி, குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் தங்கம் என்று அறிவித்தது. குறைந்தது 2 கிலோவாவது இறங்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவராவது இல்லாத தெரு குறைவு. அங்கே இந்தக் கதையைச் சொன்னால், எந்த மாதம் விமானம் ஏறலாம் என்றுதான் முதல் கேள்வி வரும்.

● நோன்பில் இறங்கும் நிறை பெரும்பாலும் ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பெருநாள் கழிந்து சில வாரங்களில் அதுவும் திரும்பிவிடுகிறது. நோன்பு திறக்கும்போது வரும் பொரித்த பண்டங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வீடு முழுக்க, தெரு முழுக்க ஒரே நேரத்தில் சாப்பிட்டு ஒரே நேரத்தில் நிறுத்திய ஒழுங்கு பெருநாளோடு கலைந்துவிடுகிறது. (நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்புக்கு முன் கிளினிக்கில் கட்டாயம் கேட்க வேண்டும்.)

● 1997இல் வெளியான இன்னோர் ஆய்வு. உடல் பருத்த 60 பெண்களிடம் எவ்வளவு குறைய ஆசை என்று கேட்டார்கள். தங்கள் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்றார்கள். 17 கிலோ குறைந்தால் எப்படியிருக்கும்? “ஏமாற்றமாக இருக்கும்” என்ற கட்டத்தில் அதை வைத்தார்கள். 48 வாரம் பாடுபட்டபின் உண்மையில் குறைந்தது சராசரி 16 கிலோ. வைத்தியர்கள் கைதட்டும் அளவு அது. இலக்குப் போட்டவர்களுக்கோ அது தோல்வி.

அப்படியானால் எவ்வளவு போதும்? 2002இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் வைத்த இலக்கு உடல் நிறையில் 7 வீதம், வாரம் 150 நிமிட நடை. 80 கிலோ உள்ளவருக்கு 7 வீதம் என்பது 5.6 கிலோதான். அந்தச் சின்ன இலக்கோடு நடந்த பிரிவில் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது.

● கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் பாதைப்படகு வரும்வரை கரையில் காத்திருந்து கடந்தார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மூன்று தடவை போய்த் திரும்பினால் 2 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். வேகநடைக்காரருக்கு அரைமணி நேரத்துக்குள் முடிகிற வேலை. வாரம் ஐந்து நாள் அரைமணி நடந்தால் மேலே சொன்ன 150 நிமிடம் வந்துவிடும். பணம் கட்டி ஜிம்முக்குப் போக வேண்டும் என்பதில்லை.

● ஒருநாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற கணக்கு எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயர் அது. நிலாவெளியில் கரைவலை இழுப்பவரிடம் போய் இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள்.

● தனியே வந்து சேர்ந்தவர்களையும் மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களையும் ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. தனியே வந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 76 வீதத்தினர் கடைசிவரை இருந்தார்கள். நண்பர்களோடு வந்து, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளவும் பழக்கப்பட்டவர்களில் 95 வீதத்தினர் இருந்தார்கள். இதைவிட முக்கியமானது அடுத்த கணக்கு. குறைத்த நிறையை அப்படியே காத்துக்கொண்டவர்கள் தனிப் பிரிவில் 24 வீதம், கூட்டுப் பிரிவில் 66 வீதம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. உட்துறைமுக வீதியிலோ டச்சுக்குடாக் கடற்கரையிலோ ஒரு பெண் தனியே வேகமாக நடந்தால் “எங்கே பிள்ளை அவசரமா?” என்று நாலு பேர் கேட்பார்கள். ஐந்து பேர் சேர்ந்து நடந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

● இலக்கு, நாள், கூட்டம் மூன்றும் சேர்ந்தால் மனிதர் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதற்கு இந்த மாவட்டத்தின் வழியாகவே ஆண்டுதோறும் சாட்சி போகிறது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று இறங்கிக் காட்டுவழியாகக் கதிர்காமம் சேர்கிறது. வாரக்கணக்கான நடை. நடப்பவர்களில் நரைத்தவர்களே நிறைய. அவர்கள் நிறை குறைக்க நடக்கவில்லை, நேர்த்திக்காக நடக்கிறார்கள். என்றாலும் நடையைத் தாங்கும் விதத்தைக் கவனியுங்கள். சேர வேண்டிய நாளைக் கொடியேற்றம் தீர்மானிக்கிறது. இன்றைக்குப் போக வேண்டிய இடம் அடுத்த கோயில், அவ்வளவுதான். கால் நொந்தவருக்காகக் கூட்டம் நிற்கிறது. வழியில் ஊர்க்காரர்கள் சோறும் தண்ணீரும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நிறை குறைப்புக்குப் பல கோடி செலவில் திட்டம் வரைபவர்கள் வெருகலில் ஒரு நாள் வந்து நின்று பார்க்கலாம்.

● புது வருடம், மாதத்தின் முதல் நாள், பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு நாள் திரும்பும்போது மக்கள் புதிய முயற்சிகளில் கூடுதலாக இறங்குகிறார்கள் என்று 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நமக்கு இதில் வசதி அதிகம். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நோன்பு எல்லாம் போக, மாதா மாதம் பூரணை விடுமுறை வேறு. போயா தினத்தை நிறை பார்க்கும் நாளாக வைத்துக்கொண்டால், இடையில் குழம்பிப்போனவருக்கும் மறுபடி தொடங்க அதிகம் போனால் ஒரு மாதம்தான்.

● “உடம்பைக் குறைக்கப்போகிறேன்” என்பது ஆசை. “இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்வருவேன்” என்பது திட்டம். இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் சொன்னதைக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் எழுதினார்கள் உளவியலாளர்கள் கோல்விட்சரும் ஷீரனும். திருகோணமலைக்காரர் இரண்டு முடிச்சுகளை மறக்காமல் போட வேண்டும். கச்சான் காற்று அனலாய் அடிக்கும் மாதங்களில் என்ன செய்வது? மாரி மழையில் வீதி வெள்ளமாகும் நாட்களில் என்ன செய்வது? நடை நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டு காலங்களில்தான். கச்சானுக்கு விடியற்காலை, மாரிக்குக் கோயில் மண்டபமோ வீட்டு விறாந்தையோ.

● நாட்டின் கோதுமை மாவில் பெரும் பங்கை அரைக்கும் பிறிமா ஆலை சீனக்குடாவில்தான் இருக்கிறது. 1980இல் இயங்கத் தொடங்கியது. பாணையும் பராட்டாவையும் கொத்து ரொட்டியையும் இந்த மாவட்டத்துக்காரர் வெறுப்பது கஷ்டம். வெறுக்கவும் தேவையில்லை. நடந்து முடித்ததற்குப் பரிசாகக் கொத்து ரொட்டி வாங்கிக் கொள்ளாமல் இருந்தால் போதும். பரிசு சப்பாத்தாக இருக்கட்டும், சேலையாக இருக்கட்டும், புறாத்தீவுக்கு ஒரு படகுப் பயணமாக இருக்கட்டும்.

● இரண்டு கரண்டி சீனி போட்டு நாளுக்கு ஐந்து தேத்தண்ணி குடித்தால் 10 தேக்கரண்டி, அதாவது 40 முதல் 50 கிராம் சீனி. சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு. தேத்தண்ணியிலேயே முடிந்துவிட்டது, பிஸ்கட்டையும் சோடாவையும் இன்னும் தொடவில்லை.

● “மெலிஞ்சிட்டீங்களே, சலரோகமா?” நிறை குறைப்பவரை நிலைகுலைய வைக்க ஊரில் இந்த ஒரு கேள்வி போதும். மற்றப் பக்கம், “நல்லாக் கொழுத்திட்டீங்க” என்று கலியாண வீட்டில் பகிடி பண்ணுவது. பகிடி பண்ணினால் ரோஷம் வந்து குறைப்பார்கள் என்பது பலருடைய நம்பிக்கை. இங்கிலாந்தில் 2,944 பேரை நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் விடை தலைகீழாக வந்தது. உடம்புக்காக அவமதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களின் நிறை சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடியிருந்தது. மற்றவர்களுக்குச் சற்றுக் குறைந்திருந்தது. வீட்டில் ஒருவர் நிறை குறைக்க முயன்றால் வாயை மூடிக்கொண்டு கூட நடப்பதுதான் உதவி.

● குறைந்தபின் பசி ஏன் கூடுகிறது? மன உறுதி போய்விட்டதால் அல்ல. மெல்பேர்னில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் நிறை குறைத்தவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் ஏறியிருந்தன, வயிறு நிறைந்ததைச் சொல்பவை இறங்கியிருந்தன. ஓராண்டு கழித்தும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே, குறைத்து முடித்த பிறகுதான் கூட ஆட்கள் அதிகம் தேவை. நம்மவர்களோ “அதுதான் குறைஞ்சாச்சே” என்று அந்த நேரம் பார்த்துக் கலைந்துபோகிறார்கள்.

● தராசு அசையாவிட்டாலும் பலன் உண்டு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2006இல் முடிவு வந்தது. உணவையும் நடையையும் திருத்திய பிரிவில் நிறை ஏறக்குறைய அப்படியே இருந்தது. நீரிழிவு வருவதோ 28.5 வீதம் குறைந்தது. ஆகவே தையல்காரரின் அளவு நாடாவையும் எடுங்கள். தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

● அதே ராமச்சந்திரன் குழு பிறகு 537 ஆண்களில் பாதிப் பேருக்குக் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தது. இரண்டு ஆண்டில் செய்தி பெற்றவர்களில் 18 வீதத்தினருக்கும், பெறாதவர்களில் 27 வீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. “இன்றைக்கு நடந்தீங்களா அண்ணை?” என்று கேட்டு அனுப்ப ஆய்வு நிறுவனம்தான் வேண்டுமா?

● எல்லாக் கூட்டமும் வென்றுவிடுவதில்லை. கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரை வைத்து ஒரு பெரிய முயற்சி நடந்தது. குழுவுக்குள்ளிருந்தே தலைவர்களைத் தெரிவுசெய்து பயிற்சி கொடுத்தார்கள். 2018இல் வந்த முடிவின்படி, மரக்கறியும் பழமும் சாப்பிடுவது கூடியது, மது குறைந்தது. நீரிழிவு மட்டும் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. கூடிக் கதைத்தால் மட்டும் போதாது, சட்டியில் என்ன வேகிறது என்பதும் மாற வேண்டும்.

● உலகெங்கும் பரவிய “வெயிட் வாட்சர்ஸ்” நிறுவனம் ஒரு வீட்டு ஹோலில் பிறந்தது. 1961இல் நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி, பிஸ்கட் ஆசையை அடக்க முடியாமல் தோழிகளைக் கூப்பிட்டுத் தன் கஷ்டத்தைச் சொல்ல, வந்தவர்களும் தங்கள் கள்ளத் தீனியை ஒப்புக்கொண்டார்கள். இரண்டே ஆண்டில் அது நிறுவனமாயிற்று. எங்கள் மாதர் சங்கங்களும் மரண உதவிச் சங்கங்களும் அதைவிட ஒழுங்காகக் கூடுகின்றன. கூட்டத்துக்கு ஒரு நிறைமானியும் கொண்டுவந்தால் கூடுதல் செலவில்லை.

● அரசாங்கத்தின் நிறைமானி ஏற்கெனவே இருக்கிறது. சுகாதார அமைச்சு 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களை நடத்துகிறது. நடுவயதை எட்டியவர்களுக்கு நிறை, உயரம், இரத்த அழுத்தம், இரத்தத்தில் சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் வருவது மிகக் குறைவு என்பது அமைச்சுக்கே உள்ள பழைய தலையிடி. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நாளையும் நேரத்தையும் கேட்டு, வீட்டு ஆண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.