குமணக் கற்குகைகளைப் பார்க்கப் போகுமுன்

எங்கள் வரலாற்று மன்றத்தின் அடுத்த பயணத்துக்கு நான் முன்வைத்திருக்கும் இடம் குமண தேசிய பூங்கா. பெயரைச் சொன்னதும் மாணவிகள் யானையையும் மயிலையும் நினைத்தார்கள். பெற்றோர் தூரத்தை நினைத்தார்கள். நான் அவ்விடத்தைத் தெரிந்ததோ அங்குள்ள கற்குகைகளுக்காக. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் மனிதர் வாழ்ந்த இருப்பிடங்கள் அவை.

குகை என்றால் பாறையைக் குடைந்து செய்தது என்று எண்ணிவிடக் கூடாது. மலைகளைக் குடைந்து வீடமைத்த ஸமூது கூட்டத்தாரைப் பற்றி இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். இங்கே நடந்தது வேறு. பெரும்பாறைகளின் கீழ் இயற்கையாகவே அமைந்த ஒதுக்கிடங்களைத் துறவிகள் வாழத் தக்கதாக்கினார்கள். முக்கியமான வேலை பாறையின் நெற்றியில் நடந்தது. அங்கே நீளவாக்கில் ஒரு விளிம்பு வெட்டினார்கள். மழைநீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல், அந்த விளிம்பில் தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும். முன்பக்கத்தைச் செங்கல்லாலோ மண்ணாலோ சுவர் வைத்து மூடினார்கள். சுவர்கள் போய்விட்டன, விளிம்பு இன்றும் தன் வேலையைச் செய்கிறது. வெயில் காலத்தில் போகிறவர்களுக்கு இது வெறும் கீறலாகத்தான் தெரியும். மழை பெய்யும்போது பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அந்த விளிம்புக்குக் கீழேதான் பல இடங்களில் பிராமி எழுத்துகள் உள்ளன. இந்தக் குகையை இன்னார் சங்கத்துக்குக் கொடுத்தார் என்பதே பெரும்பாலும் செய்தி. இலங்கையில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. கொடுத்தவர்கள் அரசர்கள் மட்டுமல்லர். ஊர்த் தலைவர்கள், வணிகர்கள், பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் உள்ள ஒரு கல்வெட்டில், குகை கொடுத்தவர் விசாகன் என்ற தமிழ் வணிகர். குமணப் பூங்காவுக்குள் இருக்கும் போவத்தகலவிலோ பத்துச் சகோதர அரசர்களின் வழிவந்தவர்கள் பேசப்படுகிறார்கள். எழுத்தோடு ஒரு மீன் உருவமும் உண்டு. அதைப் பாண்டியரோடு தொடர்புபடுத்தியவர் பேராசிரியர் பரணவிதான. ‘இது யாருடைய வரலாறு’ என்று சண்டை பிடிக்கும் நாட்டில், இந்தப் பெயர்களை எங்கள் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இனித் திட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து பொத்துவில் 400 கிலோமீற்றருக்கு மேல். முதல் நாள் முழுவதும் பஸ்தான். இரவு பொத்துவிலில் தங்குவோம். அது முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் ஊர் என்பதால் ஹலால் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் தேட வேண்டியதில்லை. பயணத்தில் கஸ்ராகத் தொழும் சலுகையும் இருக்கிறது. இரண்டாம் நாள் விடிய முன்பே ஜீப்புகளில் பாணமை வழியாக உகந்தைக்குப் போனால் பூங்காவின் வாசல். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள் காட்டுக்குள் நுழைவதும் இந்த உகந்தையில்தான். அவர்கள் போகும் திருவிழாக் காலத்தில் எங்கள் பயணத்தை வைக்கக் கூடாது. நெரிசலில் ஒன்றும் பார்க்க முடியாது.

ஜீப்காரர்களிடம் முதலிலேயே தெளிவாகப் பேச வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அவர்களுடைய வழமையான சுற்று யானைக்கும் சிறுத்தைக்கும் பறவைகளுக்குமானது. ‘குகை பார்க்க வேண்டும்’ என்று சொல்லாவிட்டால் போவத்தகல பாதையோரத்தில் கழிந்துவிடும். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. ஆகையால் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அதிபரின் கடிதத்தை முன்கூட்டியே அனுப்பி, எங்கே இறங்கலாம், வழிகாட்டி யார் வருவார் என்று கேட்டுவைக்க வேண்டும். கரடி குகையில் படுத்திருக்கும். வழிகாட்டி முதலில் போய்ப் பார்த்த பிறகே மற்றவர்கள். மலைத்தேனீயும் உண்டு, பூங்காவிலுள்ள பம்பரகஸ்தலாவ என்ற இடத்தின் பெயரிலேயே ‘பம்பர’, அதாவது மலைத்தேனீ, இருக்கிறது. அத்தர், வாசனைத் திரவியம் அன்றைக்கு வேண்டாம். கூச்சலும் வேண்டாம்.

மூன்றாம் நாள் காலை குடும்பிகல. மட்டக்களப்புக் குடும்பிமலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இது பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில், பூங்காவுக்கு வெளியே உள்ளது. இருநூறுக்கும் மேற்பட்ட குகைகள் இங்கே உண்டென்பார்கள். உச்சியில் உருளை வடிவத் தூபி ஒன்று நிற்கிறது. துறவிகள் இன்றும் வாழும் இடமாதலால் மெதுவாகப் பேச வேண்டும். சொன்ன இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும்.

இதைப் பெற்றோருக்காக எழுதுகிறேன். 2015இல் மட்டக்களப்பைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் சீகிரியா கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறியதற்காக இரண்டு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். ஜனாதிபதியின் மன்னிப்பில்தான் வெளியே வந்தார். 2019இல், ஹொரவப்பொத்தானைப் பக்கத்துத் தூபி ஒன்றின் மேல் ஏறி எடுத்த படங்களை முகநூலில் போட்ட பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் மறியலில் இருந்தார்கள். பிறகு ஆளுக்கு 50,000 ரூபா தண்டம் கட்டினார்கள். அவர்கள் எங்கள் சமூகத்துப் பிள்ளைகள். கெட்ட எண்ணத்தில் ஏறியிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. எனவே எங்கள் பயணத்தில் கைத்தொலைபேசிகள் ஆசிரியைகளிடம் இருக்கும். மன்றத்தின் ஒரே கமரா படம் எடுக்கும். கல்வெட்டைத் தொடுவதில்லை, எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சோக்கட்டியால் நிரப்புவதும் இல்லை.

‘இவ்வளவு தூரமா’ என்று கேட்கும் உம்மாமாரின் பயம் எனக்கு விளங்கும். 1990 ஒக்ரோபரில் இந்தக் குடாநாட்டை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகள்தான் இன்றைய உம்மாமார். பூங்காவும் 1985 முதல் 2003 வரை யுத்தத்தால் மூடிக்கிடந்தது. வீதி திறந்திருக்கும் காலத்தில் பிள்ளைகள் போய்ப் பார்த்துவிடட்டும் என்று நான் சொல்வது அதனால்தான். மூன்று இரவுகள் அனுப்ப மனம் வராதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. மிகிந்தலையில் 68 குகைகள் உண்டு. ஏ9 வீதியால் விடிய முன் புறப்பட்டால் இரவே திரும்பிவிடலாம். காடு கிடைக்காது, குகை கிடைக்கும். ஒரே நாளில் குமண போய் வருவோம் என்பவர்களுக்கு மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன்.

வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி கிடைக்கும் வரை வாரம் ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு பிராமி எழுத்துப் பழகுவோம். கூட்டல் குறி போலிருப்பது ‘க’. வெறும் வட்டம் ‘ட’வின் ஒரு வகை. குகைக்கு அவர்கள் எழுதிய சொல் ‘லெண’. இந்த ஒரு சொல்லை அடையாளம் காணத் தெரிந்தாலே எந்தக் குகையின் முன்னும் நின்று வாசிக்கத் தொடங்கலாம். கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கள்.