நிலா ஏன் நம்ம கூடவே வருது? சுட்டிகளின் கேள்விகளுக்கு எளிய பதில்கள்!

ராத்திரி பஸ் பயணம். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் குழந்தை திடீரென்று கேட்கும். "அம்மா, நிலா ஏன் நம்ம கூடவே வருது?"

அசதியில் "பேசாம தூங்கு" என்று சொல்லிவிட்டால், கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அடுத்த கேள்வி வராமலேயே போகலாம். இத்தனைக்கும் இதற்குப் பதில் சொல்ல பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

கூடவே வருவது ஏன்?

பஸ் ஓடும்போது பக்கத்து மரம் சட்டென்று பின்னால் போகும். தூரத்து மலை மெதுவாக நகரும். நிலா இருப்பதோ சுமார் 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில்! பஸ் 10 கிலோமீட்டர் போனாலும் நிலா தெரியும் திசை மாறியதே தெரியாது. அதனால்தான் கூடவே வருவதுபோல இருக்கிறது.

எவ்வளவு பெரிசு?

நிலாவின் விட்டம் சுமார் 3,475 கிலோமீட்டர். பூமியில் கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம். பூமி ஒரு கூடைப்பந்து என்றால், நிலா ஒரு டென்னிஸ் பந்து. இரண்டையும் சுமார் 7 மீட்டர் தள்ளி வைத்துக் காட்டுங்கள். குழந்தைக்குச் சட்டென்று புரியும்.

நிலா நிஜமாகவே தேய்கிறதா?

இல்லை. நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய ஒளி படும் பாதிதான் பளிச்சென்று இருக்கும். நிலா பூமியைச் சுற்றி வரும்போது, அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவுதான் நமக்குத் தெரியும். முழுசாகத் தெரிந்தால் பௌர்ணமி. தெரியவே இல்லை என்றால் அமாவாசை. ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் சுமார் 29½ நாள்.

பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது என்று பெரியவர்களே சொல்வதுண்டு. அது தவறு. நிழல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டும்தான்.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். இருட்டு அறையில் ஒரே ஒரு பல்பு எரியட்டும். குழந்தை ஒரு பந்தைத் தலைக்குச் சற்று மேலே, கை நீட்டிப் பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்று சுற்றட்டும். பந்தில் பிறை வளர்வதும் தேய்வதும் கண்ணெதிரே தெரியும்.

பாட்டி வடை சுடுகிறாரா?

கதை சொல்லுங்கள், தப்பே இல்லை. கூடவே நிஜத்தையும் சொல்லுங்கள். அந்தக் கறுப்புத் திட்டுகள், பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள். நிலா தன்னைத்தானே சுற்றவும், பூமியைச் சுற்றவும் ஒரே அளவு நேரம், அதாவது சுமார் 27 நாள் எடுத்துக்கொள்கிறது. அதனால் எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. மறுபக்கத்தை முதன்முதலில் படம் பிடித்தது, 1959-ல் சோவியத் யூனியன் அனுப்பிய லூனா-3 விண்கலம்.

நம்ம ஊர் மண்!

சந்திரயான்-2 திட்டத்துக்காக நிலாவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. அதற்குக் கைகொடுத்தவை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பகுதிப் பாறைகள். பிறகு, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பகுதிக்கு அருகே பத்திரமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர்.

அடுத்த முறை பதில் தெரியாத கேள்வி வந்தால், "தெரியலையே கண்ணு, சேர்ந்து தேடிப் பார்ப்போமா?" என்று சொல்லுங்கள். இன்று ராத்திரியே மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள். தெரிகிற நிலாவை ஒரு நோட்டில் வரையட்டும். ஒரு மாதம் வரைந்தால், மீதிக் கதையை நிலாவே சொல்லிவிடும்!