வெங்காய வேரும் துருப்பிடித்த ஊசியும்

பள்ளி உயிரியல் ஆய்வகத்தில் மரியாதை முழுக்க மைக்ராஸ்கோப்புக்குத்தான். ஆனால் வெங்காய வேர்நுனியில் செல் பிரிவதைப் பார்க்க வேண்டுமானால், முக்கால்வாசி வேலையை ஊசியும் மையொற்றும் தாளும் முடித்துவிடுகின்றன. மைக்ராஸ்கோப் கடைசியில் வந்து பார்ப்பதோடு சரி.

முதலில் வேர் வேண்டும். பெரிய வெங்காயத்தின் அடியில் காய்ந்திருக்கும் பழைய வேர்களைப் பிளேடால் சீவிவிட்டு, தண்ணீர் நிரப்பிய அகலவாய் பாட்டிலின் மேல் உட்கார வையுங்கள். அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொட்டால் போதும், முழுகினால் அழுகிவிடும். நான்கைந்து நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். காலை வேளையில் நுனியோடு ஒரு செ.மீ. அளவுக்கு வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் அப்போதே கலந்த கரைசலில் போட வேண்டும். எந்தச் செல் எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலையிலேயே நின்றுவிடும். மறுநாள் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றினால் நெடுநாள் இருக்கும்.

இடுக்கியால் ஒரு வேரை எடுத்து ஸ்லைடில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு, அசிட்டோகார்மின் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். அமிலம் செல்களின் ஒட்டுதலைத் தளர்த்தும். கார்மின் குரோமோசோமைச் சிவப்பாக்கும். கள்ளியில் வாழும் காக்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம் இது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டதே இந்தப் பூச்சி வளர்க்கத்தான்.

சாயத்தை இரும்பு ஊசியால் லேசாகக் கலக்குவது பழைய வழக்கம். இரும்பு சேர்ந்தால் நிறம் அழுத்தமாகப் பிடிக்கும். லேப் அட்டெண்டர் தூக்கிப்போடும் துருப்பிடித்த ஊசிக்கு இப்படி ஒரு பயன்! ரொம்ப நேரம் கலக்கினால் மட்டும் கசடு படியும்.

அடுத்தது ஸ்பிரிட் விளக்கு. தீயின் மேல் ஸ்லைடை நிறுத்தக் கூடாது. முன்னும் பின்னுமாகக் காட்டி, அடிப்பக்கத்தைப் புறங்கையில் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. கொதித்தால் காரியம் கெட்டது. ஐந்து பத்து நிமிடத்தில் வேரின் நுனி மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரியும். அந்த 2 மி.மீ.யை வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடலாம். அங்கேதான் செல்கள் பிரிகின்றன.

மிச்சச் சாயத்தை ஒற்றியெடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர்ஸ்லிப்பை ஊசியில் தாங்கிச் சாய்வாக இறக்குங்கள். தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழ் சிக்கும். பென்சிலின் மொட்டை முனையால் மெல்லத் தட்ட, திசு மேகம்போல் பரவும். பிறகு மையொற்றும் தாளை மடித்து மேலே வைத்து, கட்டைவிரலால் நேராக ஒரே அழுத்து. விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டுபோகும். ஸ்லைடு தேறுமா தேறாதா என்பது இந்த ஓர் அழுத்தில் தெரிந்துவிடும்.

இனி மைக்ராஸ்கோப். 10 எக்ஸ் கண்ணருகு லென்ஸ், 10 எக்ஸ் பொருளருகு லென்ஸ், மொத்தம் 100 மடங்கு. சதுரமான சின்னச் செல்களைத் தேடுங்கள். நீளநீளமாக இருந்தால் நுனி தவறிவிட்டது என்று அர்த்தம். பிறகு 45 எக்ஸுக்கு மாறியதும் பெரிய திருகைத் தொடவே கூடாது, லென்ஸ் கவர்ஸ்லிப்பில் இடித்துவிடும். சின்னத் திருகு போதும்.

பெரும்பாலான செல்கள் பிரியாமல் சும்மாதான் இருக்கும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். நீளமாகப் பின்னிக்கிடப்பதால் எண்ணுவது சுலபமல்ல. ஆனால் ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லோருக்கும் குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசைகட்டும் மெட்டாபேஸ் நிலை அச்சடித்தாற்போல் வந்துவிடுகிறது. தேறிய ஸ்லைடு கிடைத்தால் ஓரங்களில் நெயில் பாலிஷ் பூசிவையுங்கள். சில நாள் காயாமல் இருக்கும்.