எரிப்பதற்கு முன்னே

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ என்னும் புதினம் 1953-ஆம் ஆண்டு வெளிவந்தது. தாள் தீப்பற்றும் வெப்பநிலையே அவ்வெண் என்று நூல் கூறுகிறது. அதில் வரும் தீயணைப்புப் படையினர் தீயை அணைப்பவர் அல்லர், நூல்களை எரிப்பவர். அவர்களுள் ஒருவனே கதைத்தலைவன் மோன்டாக்.

முதன்முறை இந்நூலைக் கையிலெடுத்தபோது, அறிவை அழிக்கும் கொடுங்கோலரசின் கதை என்றே எண்ணினேன். படிக்கப் படிக்க அவ்வெண்ணம் மாறிற்று. மோன்டாக்கின் மேலதிகாரி பீட்டி தரும் விளக்கம் வேறு: மக்களே முதலில் வாசிப்பைக் கைவிட்டனர், சுருக்கங்களும் கேளிக்கைகளும் போதுமென்றனர், அரசின் தீ பின்னரே வந்தது. ஃபேபர் என்றொரு முதிய பேராசிரியரும் கதையில் வருகிறார். மாணவர் சேராமையால் கடைசிக் கலைக்கல்லூரியும் மூடப்பட, பணியிழந்தவர் அவர். தமிழ் பயிற்றும் எனக்கு அப்பக்கத்தைக் கடக்க நெடுநேரமாயிற்று.

இறுதியில், ஆளுக்கொரு நூலை மனனம் செய்து காத்துவரும் மனிதர்களை நகருக்கு வெளியே மோன்டாக் சந்திக்கிறான். திருக்குர்ஆனை நெஞ்சில் தாங்கும் ஹாபிழ்களை அறிந்த நமக்கு இக்காட்சி அயலானதன்று. நெஞ்சில் பதிந்த நூலைத் தீ தீண்டாது. படிப்பாரற்ற நூலை அழிக்கவோ தீயே வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே, இவ்வாண்டு ஒரு நூலையேனும் முழுமையாகப் படித்து முடியுங்கள்.